கவிழ்க்காத மரவை

"ஐந்து அநியாயங்கள். நடந்த வரிசையில் சொல்கிறேன். முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது" என்றார் வைரக்கண்ணு.

சாமியம்மா சரி என்று தலையை ஆட்டினாள். அவள் கையில் எண்ணெய்த் துணி. முன்னால் ஒரு பாய் நிறைய மரவைகள்.

"ஒன்று. பண்ணைவீட்டில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் பித்தளைச் செம்பில் மோர் கொடுத்தார்கள். சேற்றில் இறங்கி நாற்று நட்ட எங்களுக்கு, மாட்டுக் கொட்டகைச் சுவரில் தொங்கிய மரவையில் கஞ்சி ஊற்றினார்கள். என் தாத்தன் குடித்தான். என் அப்பன் குடித்தான். இருபத்து மூன்று வயதுவரை நானும் குடித்தேன்.

"இரண்டு. அறுபத்தொன்பதில் அந்த மரவையை ஒழித்தோம். அதற்காக இரண்டு வருடம் எனக்கு எந்த வயலிலும் வேலை இல்லை. வாய்க்காலில் நண்டு பிடித்துத் தின்றேன்.

"மூன்று. எழுபத்தைந்தில், நெருக்கடி நிலையில், பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு மாதம் உள்ளே வைத்தார்கள். அம்மா செத்தாள். முகம் பார்க்க விடவில்லை.

"நான்கு. சங்கம் இரண்டாக உடைந்தது. இரண்டு பக்கமும் தனித்தனியாக வரலாறு எழுதினார்கள். இரண்டிலும் என் பெயர் இல்லை. எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள்.

"ஐந்து. இன்று சாயங்காலம் நடக்கப் போகிறது. எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் கல் வைக்கிறார்கள். மரவையைக் கொண்டுபோய்ப் பண்ணைவீட்டு வாசலில் வைத்தவர்களின் பெயர்கள். என் பெயர் பதினான்காவது! வீட்டு வரிசையாம். முதல் இடம் காலி. முதலில் வைத்தது யார் என்று, உயிரோடு இருக்கிற ஏழு பேரை இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்களாம். தலைவரையே கேளுங்கள் என்றார்களாம்."

மூச்சு வாங்கினார்.

"அவ்வளவுதானா?" என்றாள் சாமியம்மா.

"ஐந்தும் போதாதா?"

*

அது ஆற்றங்கரையில் ஒரு கஞ்சி மடம். வழிப்போக்கர், ஆடு மேய்ப்பவர், பென்ஷன் வாங்குகிற தாசில்தார், யார் வந்தாலும் மத்தியானம் ஒரு வேளை நொய்க் கஞ்சி. எல்லாருக்கும் மரவையில்தான். மரவை என்றால் ஒரே கட்டையைக் குடைந்து எடுத்த கிண்ணம். எவர்சில்வர் வந்த பிறகு சுற்று வட்டாரத்தில் வேண்டாம் என்று போட்டதெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருந்தது.

மடத்தை நடத்தும் சாமியம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவள் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்டவர்களின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வம்பு வழக்கு என்றால் மட்டும் அவளிடம் வந்தார்கள்.

வைரக்கண்ணுவுக்கு எழுபத்தொன்று. சாமி இல்லை என்று நாற்பது வருடம் மேடையில் முழங்கியவர். அவர் வாயில் சாமியம்மா என்று எப்படி வரும்? அம்மா என்றார். மகள் வயதுக்காரியிடம் வந்து நிற்பது அவருக்கே பிடிக்கவில்லை.

"பட்டியலை நீதான் வாசிக்கப் போகிறாய்" என்றார். "வெளியூர்க்காரி, எந்தக் கட்சியும் கிடையாது என்று உன்னிடம் விட்டிருக்கிறார்கள். நீ வாசிக்கிற வரிசையில்தான் கல்தச்சன் உளி வைப்பான். முதலில் என் பெயரை வாசி. கெஞ்ச வரவில்லை. கேட்க வந்திருக்கிறேன்."

"மொத்தம் எத்தனை மரவை வச்சீங்க?"

"நாற்பத்திரண்டு. வீட்டுக்கு ஒன்று. நானே எண்ணினேன். துண்டறிக்கையிலும் எழுதினேன்."

"பட்டியல்ல எத்தனை பேரு?"

"நாற்பத்தொன்று. முதல் இடம்தான் காலி என்றேனே."

"ஒங்களைத் தூக்கி அங்க போட்டா, பதினாலு காலியாயிடுமே தலைவரே."

வைரக்கண்ணு விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாசிலாமணி. வைரக்கண்ணுவின் ஊர்க்காரர், அந்த ஏழு பேரில் ஒருவர், பதினைந்து வருடமாக இந்த மடத்தில் கஞ்சி காய்ச்சுகிறவர்.

"என்னடா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல தலைவரே. மைக் இல்லாம இவ்வளவு நேரம் பேசினீங்களே, அதான்."

*

வைரக்கண்ணு தோள் பையிலிருந்து ஒரு சிவப்புத் துணி மூட்டையை எடுத்தார். அவிழ்த்தார்.

"கணக்கை விடு. இதோ சாட்சி. நாற்பத்தெட்டு வருடமாக வைத்திருக்கிறேன். எத்தனை மாநாடு, எத்தனை கண்காட்சி பார்த்த மரவை தெரியுமா இது!"

பூவரசங்கட்டை. வார்னிஷ் பூசிப் பளபளவென்று இருந்தது. அடிப்பக்கம் முழுவதையும் மறைத்து ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அதில் அச்செழுத்தில்: பண்ணைவீட்டு வாசலில் முதன்முதலாக வைக்கப்பட்ட மரவை. வைத்தவர் தோழர் வைரக்கண்ணு.

"அட்டையை ஏன் அடியில ஒட்டினீங்க?"

"கவிழ்த்து வைப்போம். எழுத்துத் தெரிய வேண்டாமா?"

சாமியம்மா மரவையை வாங்கினாள். செம்பிலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் விளிம்புக்குக் கீழே ஒரு மயிர்க்கோட்டில் கசிந்து அவள் மடியில் சொட்டியது.

"வெடிச்சிருக்கு" என்றாள். "சும்மா வச்சா வெடிக்கும். யாராவது குடிச்சுகிட்டே இருக்கணும்."

"அது குடிக்கிற மரவை இல்லை. வரலாறு."

"இன்னிக்கு ஒங்களுக்குக் கஞ்சி இதுலதான்."

வைரக்கண்ணுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "மரவையில் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவன் நான். சோறு போடுகிறேன் என்று கூப்பிட்டு அவமானப்படுத்துகிறாயா?"

"கட்டைக்கு என்ன தெரியும் தலைவரே?" என்று அடுப்படியிலிருந்து மாசிலாமணி கத்தினார். "கொட்டகையில தொங்கவிட்டவனைச் சொல்லுங்க. நானும்தான் சத்தியம் பண்ணேன். இங்க தாசில்தார் பக்கத்துல ஒக்காந்து ஒரே மாதிரி மரவையில குடிச்சப்ப அது தன்னால போயிடுச்சு."

சாமியம்மா எழுந்து போனாள். முற்றத்தில் மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி. அதில் மரவையை அமிழ்த்தினாள். மேலே ஒரு கல்லை வைத்தாள்.

"அட்டை நனையும்!"

"கட்டை ஊறினாத்தான் விரிசல் மூடும்" என்றாள். திரும்பி வந்து எண்ணெய்த் துணியை அவர் கையில் கொடுத்தாள். "மத்தியானம் வரைக்கும் சும்மாதானே இருப்பீங்க?"

*

மரவைகளுக்கு எண்ணெய் தடவினார் வைரக்கண்ணு.

அவருக்கு இது புதிதில்லை. ஏழு வயதில் கொட்டகையில் செய்த வேலைதான். முதலில் உள்புறம், பிறகு விளிம்பு, கடைசியாகக் கவிழ்த்து அடிப்பக்கம்.

அடிப்பக்கத்தைப் பார்க்காமலே தடவினார்.

மாசிலாமணி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மரவையை எடுத்துத் திருப்பினார். அடியில் கத்தியால் கீறிய ஓர் ஏர்.

"இது கீழூர் பெரியான் வீடு" என்றார். இன்னொன்றை எடுத்தார். ஒரு நண்டு. "இது கரைமேட்டு ஆளுங்க." இன்னொன்று. மூன்று கோடு. "இது எங்க வீடு. ஞாபகம் இருக்கா தலைவரே? கொட்டகைச் சுவத்துல எல்லாம் ஒண்ணா தொங்கும். எழுதத் தெரியாது. தன் மரவை எதுன்னு தெரிய ஒவ்வொரு வீடும் அடியில ஒரு குறி போட்டுக்கும். ஒங்க வீட்டுக் குறி என்ன? அரிவாள்தானே?"

"ஆமாம்."

"அரிவாளேதான். சுத்தி மட்டும் பின்னால வந்து சேந்துச்சு."

வேறொரு நாளாக இருந்தால் வைரக்கண்ணு சிரித்திருப்பார். இப்போது எழுந்தார்.

"எடுத்துவிடுகிறேன். ஊறியது போதும்."

"ஊறட்டும்" என்றாள் சாமியம்மா.

உட்கார்ந்தார். நான்கு மரவை தடவினார். மறுபடி எழுந்தார்.

"மாடு வந்து முட்டிவிடும்."

"மாடு மேய்ச்சல்ல இருக்கு."

உட்கார்ந்தார். கையில் இருந்த துணியால் நெற்றியைத் துடைத்தார். நெற்றியெல்லாம் எண்ணெய்.

மாசிலாமணி அவரைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க போயிடப் போவுது தலைவரே? நாப்பத்தெட்டு வருசம் ஒங்ககிட்டதானே இருந்துச்சு."

அந்த வார்த்தையில் கேலி இல்லை. அதுதான் வைரக்கண்ணுவுக்குத் தாங்கவில்லை. கேலி செய்கிறவனைத் திட்டலாம்.

*

மத்தியானம் ஒன்பது பேர் வந்தார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள்.

சாமியம்மா தொட்டியில் கைவிட்டு மரவையை எடுத்தாள். அட்டை தனியாகத் தண்ணீரில் மிதந்தது. எழுத்தெல்லாம் ஊதாவாகக் கரைந்திருந்தது.

அவள் மரவையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நிமிர்த்தியபடியே கொண்டுவந்தாள். மாசிலாமணி கஞ்சியை ஊற்றினார். மோர் விட்ட நொய்க் கஞ்சி. ஒரு சொட்டுக் கசியவில்லை.

இரண்டு கையாலும் ஏந்தி வைரக்கண்ணுவிடம் நீட்டினாள்.

"இந்த மடத்துல ஒரு வழக்கம்" என்றாள். "குடிச்சவங்கதான் கழுவிக் கவுத்தணும். நிமித்தி வச்சா ஈரம் நின்னு பூஞ்சை பிடிச்சிடும். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கொட்டகையிலும் அதே வழக்கம்தான். ஆள் ஆளுக்குக் குடித்துவிட்டுக் கவிழ்ப்பார்கள். கவிழ்த்தால் குறி தெரியும். குறி தெரிந்தால் யாருடையது என்று தெரியும்.

கஞ்சி இருக்கும்வரை கவிழ்க்க வேண்டியதில்லை.

வைரக்கண்ணு குடிக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் குடித்தார், கழுவினார், கவிழ்த்தார். அடுத்தவர் கவிழ்த்தார். மாசிலாமணி கவிழ்த்தார். பத்து மரவைகள் பாயில் கவிழ்ந்து கிடந்தன. வந்தவர்கள் மாவடுக் காம்பைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் மரவையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆறிப்போச்சு தலைவரே" என்றார் மாசிலாமணி.

சாமியம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

அடுப்பில் கொள்ளி ஒன்று சரிந்து விழுந்தது.

"போலீஸ் வந்துச்சு" என்றார் வைரக்கண்ணு.

மேடைத் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது.

"மறுநாள் காலையில. எல்லாரையும் களத்துல நிக்க வச்சாங்க. முதல்ல வச்சவன் எவன்டான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். முந்தின நாளு மத்தியானம் அவ கஞ்சியக் குடிச்சுட்டு, மரவைய ஆணியில மாட்டல. கையில எடுத்துகிட்டு நேரா முன்வாசலுக்குப் போனா. பண்ணைக்கு முன்னால வச்சா. நாளைக்கு இதுல நீங்க குடிங்க, நான் ஒங்க செம்புல குடிக்கிறேன்னா. அதப் பாத்துத்தான் நாங்க ஒவ்வொருத்தரா போனோம். நான் பதினாலோ பதினஞ்சோ."

"போலீஸ் கேட்டப்ப?" என்றாள் சாமியம்மா.

"தடியால என் கால்கிட்ட தரையில தட்டினான். நான் தரையப் பாத்தேன்."

"அப்புறம்?"

"அவதான் முன்னால வந்தா. எவனும் இல்ல, நான்தான்னா."

"பேரச் சொல்லுங்களேன் தலைவரே" என்றார் மாசிலாமணி மெல்ல.

வைரக்கண்ணு முடியாது என்று தலையை ஆட்டினார். நாற்பத்தெட்டு வருடமாக அந்தப் பெயரை அவர் வாய் சொன்னதில்லை.

"பதினேழு நாள் உள்ள வச்சிருந்தாங்க அவளை. அதுக்குள்ள அறுப்பு வந்துடுச்சு. ஒருத்தரும் வயல்ல இறங்கல. பண்ணை இறங்கி வந்தாரு. மரவை போச்சு. வெற்றிக் கூட்டம் போட்டோம். வெளியூர்லேருந்து வந்த தலைவர், முதல் மரவையை வைத்த வீரத் தோழரே மேடைக்கு வருகன்னாரு. துண்டறிக்கை எழுதினவன்னு என்னப் பிடிச்சுத் தள்ளினாங்க. அவ பேரச் சொல்லத்தான் ஏறினேன். சத்தியமா அதுக்குத்தான் ஏறினேன். மாலை கழுத்துல விழுந்துச்சு."

"சொன்னீங்களா?"

"தடியோட கேட்டப்ப வராத வார்த்தை, மாலையோட கேட்டப்ப வந்துச்சு. நான்தான்னு வந்துச்சு."

ஒரு காக்கை வந்து பாயில் சிந்தியிருந்த பருக்கையைக் கொத்தியது. யாரும் விரட்டவில்லை.

"அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. அடுத்த துண்டறிக்கையில அச்சும் போட்டேன். ஒரு பொம்பள பேரு முதல்ல வந்தா போராட்டத்துக்கு மதிப்பு இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிகிட்டேன். பண்ணையோட கையாளுங்க அவளப் பத்திக் கண்டபடி பேசிகிட்டுத் திரிஞ்சாங்க. அது போராட்டத்துல ஒட்டிக்கும்னு சொல்லிகிட்டேன். நல்ல நல்ல காரணமா சொல்லிகிட்டேன்."

நிறுத்தினார்.

"அவ திரும்பி வந்தா. வீட்ட இடிச்சுப் போட்டிருந்தாங்க. இடிஞ்ச மண்ணு மேல ஒக்காந்துகிட்டு அந்தத் தாள எங்கிட்ட நீட்டினா. எழுத்துத் தெரியாது அவளுக்கு. 'என்னப் பத்திப் போட்டிருக்காமே, படி தம்பி'ன்னா."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எப்படி?"

மரவையை மடியில் இறக்கி வைத்தார்.

"என் பேரு இருந்த எடத்துல எல்லாம் அவ பேர வச்சுப் படிச்சேன்."

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது அவருக்கும் தெரியாத சேதி.

"சிரிச்சா" என்றார் வைரக்கண்ணு. "இன்னொரு தடவ படின்னா. படிச்சேன். தாள மடிச்சு முந்தானையில முடிஞ்சுகிட்டா. நாலு நாள் கழிச்சு மறுபடியும் கேக்க ஆசைப்பட்டு வாத்தியார்கிட்ட நீட்டியிருக்கா. அவரு இருந்தபடி படிச்சுட்டாரு. மறுநாள் அவ ஊர்ல இல்ல. எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கல. ஏசல. மண்ணை வாரித் தூத்தல. போயிட்டா."

"மரவை?"

"பண்ணை வாசல்ல குவிஞ்சு கெடந்ததுல அவளோடத எடுத்து வச்சேன். வந்தா குடுக்கலாம்னுதான். அப்புறம் அட்டை ஒட்டினேன்."

மரவையைத் தூக்கினார். ஒரே மூச்சில் குடித்தார். எழுந்து போய்க் கழுவினார். வந்து பாயில், மற்ற பத்தோடு கவிழ்த்தார்.

அடியில் ஒரு சீப்பு. ஆறு பல். கத்திமுனையால் கீறியது. வார்னிஷ் அதற்குள் இறங்கவில்லை.

*

"எங்க இருக்கா?" என்று கேட்டார் வைரக்கண்ணு. மாசிலாமணியைத்தான் கேட்டார்.

"ஒரு தடவ பாத்தேன். தொண்ணூத்தி நாலுல. செங்கச் சூளையில மண்ணு மிதிச்சுகிட்டு இருந்துச்சு. ஒங்களத்தான் விசாரிச்சுது."

"என்னையா?"

"ஜெயில்ல இருந்தப்ப அவன் அம்மா செத்துட்டான்னாங்களே, மொகத்தப் பாக்க விட்டாங்களா அவனைன்னு கேட்டுச்சு. இல்லன்னேன். அழுதுச்சு."

வைரக்கண்ணு சீப்புக் குறியின் மேல் விரலை வைத்தார்.

"இப்ப?"

"போய்ச் சேந்து ஒம்போது வருசம் ஆச்சு தலைவரே."

வைரக்கண்ணு விரலை எடுத்தார்.

"நீங்க ஏழு பேரும் ஏன்டா சொல்லல? நாப்பத்தெட்டு வருசம்!"

"எப்படிச் சொல்றது? நீங்க எங்களுக்காக உள்ள போனீங்க. அம்மா மொகம் பாக்கல. அது பொய்யில்லையே. அதையும் பாக்கணும்ல?" மாசிலாமணி துண்டால் மூக்கைத் துடைத்தார். "அதுவுமில்லாம, அன்னைக்குக் களத்துல நீங்க மட்டுமா தரையப் பாத்தீங்க? நாங்களுந்தான் பாத்தோம். எந்த மூஞ்சிய வச்சுகிட்டு ஒங்களக் கேக்கறது?"

வைரக்கண்ணு சாமியம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நான் என்ன செய்யணும்?"

சாமியம்மா இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்தாள். பிரித்தாள். அவர் முன்னால் நீட்டினாள். சாயங்காலம் வாசிக்க வேண்டிய பட்டியல்.

"எனக்கு எழுத்துத் தெரியாது தலைவரே" என்றாள். "வாசிக்கணும்னு கொண்டாந்து குடுத்தாங்க. தெரியுமான்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல."

அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்கதான் படிக்கணும்" என்றாள்.

*

சமுதாயக்கூடத்தில் ஊரே கூடியிருந்தது. முன்வரிசை பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணி போய் ஏழாவதாக உட்கார்ந்தார். சாமியம்மா பெண்களோடு தரையில் இருந்தாள். சுவரோரம் வழவழப்பாகத் தேய்த்த கருங்கல். பக்கத்தில் கல்தச்சன், கையில் சுண்ணாம்புக் கட்டியோடு. சொல்லச் சொல்லக் கல்லில் எழுதிக்கொண்டு, நாளைக்கு உளி வைப்பான்.

வைரக்கண்ணு மேடை ஏறினார். யாரோ ஒரு மாலையோடு வந்தார்கள். கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம். கீழே வை."

அந்தக் குரலுக்குப் பயந்து மாலையைக் கீழே வைத்தார்கள்.

மைக்கை ஒருமுறை தட்டினார். பெஞ்சில் இருந்த ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாளைப் பிரித்தார். தாளின் சலசலப்பு மைக்கில் பெரிதாகக் கேட்டது.

கூடத்தின் செயலாளர் பக்கத்தில் வந்து காதருகே குனிந்தார்.

"முதல் வரி காலியா இருக்கு தலைவரே. ரெண்டுலேருந்து ஆரம்பிங்க."

"காலியா இல்ல" என்றார் வைரக்கண்ணு. மைக்கில் அது ஊர் முழுவதும் கேட்டது.

மாசிலாமணி தலையை நிமிர்த்தினார். பிறகு அடுத்தவர். பிறகு ஏழு பேரும்.

வைரக்கண்ணு தாளை முகத்துக்கு நேரே பிடித்தார். எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தில்லாத இடத்தில் விரலை வைத்தார்.

"ஒன்று" என்று வாசித்தார். "காத்தாயி."